கொடுத்தவரும் படைத்தவரும்

நம் ஆலயங்களின் சுவர்களைச் சற்று உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பவை கொடுத்தவர்களின் பெயர்கள். பீடம் இன்னார் உபயம். மணிக்கூண்டு இன்னார் நினைவாக. மின்விசிறியின் இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பெயர். அந்தப் பீடத்தைச் செதுக்கிய கை யாருடையது? மணிக்கூண்டின் வளைவை மனத்தில் கண்டு, பின்னர் செங்கல்லில் கண்டவர் யார்? அவர்களைப் பற்றிக் கல் ஒன்றும் சொல்வதில்லை. கூலியைப் பெற்றுக்கொண்டு, கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டவர்கள் அவர்கள்.

எந்த நற்படைப்பும் உருவாவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கொடுப்பவர், மற்றவர் படைப்பவர். இவ்விருவருக்கும் இடையே பெரும்பாலும் இருப்பது ஒப்பந்தம், அல்லது கணக்கு, சில வேளைகளில் மனத்தாங்கல். நட்பு இருப்பது மிக அரிது. நம் சங்க இலக்கியம் கபிலரையும் பாரியையும் இன்றளவும் நினைவில் வைத்திருப்பதற்கு அந்த அருமையே காரணம். புரவலர் பலர் இருந்தனர். பாடிப் பரிசில் பெற்ற புலவர் அவர்களினும் பலர். ஆயினும் கொடுத்தவனும் பாடியவனும் நண்பர்களாய் நின்ற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அத்தகைய ஒரு நட்பு, நமக்கு மிகத் தொலைவில், ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா மாநகரில், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது. கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியும் ஆலை முதலாளி எயுசேபி குவெலும் கொண்ட நட்பு அது. கௌதியின் பெயரை நம் வாசகர் பலரும் அறிவர். முடிவுறாமலே உலகப் புகழ் பெற்ற திருக்குடும்பப் பேராலயத்தின் சிற்பி அவர். 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவ்வாலயத்தை நேர்ந்தளித்தார். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ், கௌதியின் வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார். குவெலின் பெயரைப் பார்சலோனாவின் ஒரு பூங்காவின் பெயராக மட்டுமே உலகம் அறியும். அந்தப் பூங்காப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றியும், அவருடைய நட்பைப் பற்றியும், அந்த நட்பு நம்முன் வைக்கும் கடினமான வினாக்களைப் பற்றியும் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

கண்ணாடிப் பேழையில் தொடங்கிய நட்பு

கௌதி 1852ஆம் ஆண்டு, கத்தலோனியாவின் ரெயுஸ் வட்டாரத்தில் பிறந்தவர். தந்தை செப்புப் பாத்திரங்கள் செய்யும் கன்னார். தட்டையான செப்புத் தகடு தந்தையின் சுத்தியல் அடியில் வளைந்து, குழிந்து, கொப்பரையாவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சிறு வயதிலேயே கீல்வாதம் அவரைப் பற்றிக்கொண்டது. ஓடி விளையாட இயலாத சிறுவன் செடி கொடிகளையும் பூச்சிகளையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். 1878இல் பார்சலோனாவில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றபோது அவரிடம் திறமை இருந்தது, செல்வம் இல்லை, செல்வாக்கும் இல்லை.

அதே ஆண்டு பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. பார்சலோனாவைச் சேர்ந்த கையுறை வணிகர் ஒருவர் தம் சரக்கை அங்கே காட்சிக்கு வைக்க விரும்பி, ஒரு கண்ணாடிப் பேழையைச் செய்து தருமாறு இளைஞர் கௌதியைக் கேட்டிருந்தார். மரமும் இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு சிறு வேலை. கண்காட்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் பேழைக்குள் இருந்த கையுறைகளைப் பார்த்திருப்பர். குவெல் பேழையைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அதனை வடிவமைத்தவர் யார் என்று தேடிக் கண்டார். அப்போது குவெலுக்கு வயது 31, கௌதிக்கு 26.

உள்ளே இருக்கும் பொருளைப் பாராமல் தாங்கி நிற்கும் சட்டத்தைப் பார்க்கும் கண் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கலைஞரின் கையில் உள்ள ஆற்றலைப் போலவே அந்தக் கண்ணும் இறைவன் அளிக்கும் கொடை என்றே நாம் கருதுகிறோம். விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்து, அவரைத் தம் ஆவியால் நிரப்பி, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் நுண்ணறிவை அளிக்கிறார். குருமடத்தில் பயின்ற நாள்களில் நாம் வியந்து நின்ற பகுதி அது. இறைவாக்கு உரைப்பதற்கு மட்டுமன்றி, இழைப்பதற்கும் செதுக்குவதற்கும்கூடத் தூய ஆவியார் இறங்கி வருகிறார்! ஆனால் அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. மக்கள் காலைதோறும் காணிக்கைகளைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியாகிவிட்டது என்று கைவினைஞரே வந்து முறையிட, இனிப் போதும் என்று மோசே ஆணையிட நேர்கிறது. பெட்சலேலின் கையைப் பற்றி மறையுரை கேட்டிருப்போம். அந்தக் கையை நம்பித் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர்களின் மனத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கணக்குக் கேளாத உரிமை

அச்சந்திப்பிற்குப் பின் வந்த முதல் வேலை சிறியதே. குவெலின் மாமனாரான கொமில்லாஸ் பிரபு அந்தோனியோ லோப்பஸ் கட்டிய சிற்றாலயத்திற்கு இருக்கையும் முழந்தாட்படியிடும் பலகையும் கௌதி வடிவமைத்துத் தந்தார். பின்னர் 1884இல் குவெலின் பண்ணை நிலத்திற்கு வாயில் மண்டபங்கள் கட்டும் பணி வந்தது. அவ்வாயிலின் இரும்புக் கதவில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒரு பறவை நாகம் வாய் பிளந்து நிற்கிறது. கத்தலோனியரின் பெருங்கவிஞரும் அருள்பணியாளருமான வெர்தகேர், குவெலின் மாமனாருக்குக் காணிக்கையாக்கிய காவியத்தில் வரும் பொற்கனித் தோட்டத்தின் காவல் நாகம் அது. வேலிக்கு ஒரு கதவு கேட்டவருக்குக் காவியத்தையே இரும்பில் வார்த்துக் கொடுத்தார் கௌதி.

1886இல் நகரின் நெரிசலான தெரு ஒன்றில் குவெலின் மாளிகை எழத் தொடங்கியது. மனையின் அளவு 18 மீட்டருக்கு 22 மீட்டர், அவ்வளவுதான். அந்தச் சிறிய இடத்திற்குள், அடித்தளத்தில் குதிரை லாயத்தையும், நடுவில் மூன்று தளங்களின் உயரத்திற்கு எழும் ஒரு கூடத்தையும், அதன் மேல் சிறு துளைகள் இட்ட ஒரு குவிமாடத்தையும் வைத்தார் கௌதி. பகலொளி அத்துளைகளின் வழியே இறங்கும்போது, வீட்டிற்குள் விண்மீன் பூத்த வானம் தெரிகிறது. கூடத்தின் ஒரு பக்கத்தில் பெரிய கதவுகள். அவற்றைத் திறந்தால் சிற்றாலயம். இசை விருந்து நடக்கும் அதே கூடம், கதவு திறந்ததும் வழிபாட்டுக் கூடமாகிவிடும்.

முகப்பிற்குக் கௌதி இருபதுக்கும் மேற்பட்ட வரைபடங்களைத் தீட்டினார். இறுதியாக இரண்டைக் குவெலின் முன் வைத்தார். அன்றைய பார்சலோனா கண்டிராத பரவளைவு வாயில்களைக் கொண்ட வரைபடத்தையே குவெல் தெரிந்துகொண்டார். கலைஞர் துணிந்தார் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. பணம் கொடுத்தவரும் துணிந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஊரார் நகைத்திருந்தால் நகைப்பைச் சுமக்க வேண்டியவர் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவரல்லவா?

மாளிகையின் செலவைப் பற்றி ஒரு கதை வழக்கில் உண்டு. குவெலின் செயலர் கவிஞரும்கூட. கட்டடச் செலவுச் சீட்டுகளைக் கண்டு கலங்கிய அவர், முதலாளியின் பையைத் தாம் நிரப்ப நிரப்ப, கௌதி அதைக் காலி செய்துகொண்டே இருக்கிறார் என்று நொந்துகொண்டாராம். இவ்வளவுதானா செலவு என்று குவெல் கேட்டதாகவும் கதை தொடர்கிறது. கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் அதனுள் ஒரு மெய் இருக்கிறது. திருவள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும்போது, நட்பு என்னும் அதிகாரத்தோடு நிற்கவில்லை. பழைமை என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். நெடுநாள் பழகிய நண்பன் நம்மைக் கேளாமலே நம் பொருளில் உரிமை எடுத்துக்கொள்வான். அதை மனமுவந்து ஏற்பதே பழைமை என்பது அவர் கொள்கை. வள்ளுவரை அறியாத கத்தலோனியத் தொழிலதிபர் ஒருவர் அந்த அதிகாரத்தை வாழ்ந்து காட்டினார் என்பதே நமக்கு வியப்பு.

செல்வம் வந்த வழி

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இக்கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மைக்கு முன் நாம் அப்படி நிறுத்த இயலாது.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? குவெலின் தந்தை இளமையில் கியூபாத் தீவில் வணிகம் செய்து பொருளீட்டித் தாயகம் திரும்பி, நெசவாலை நிறுவியவர். மாமனார் லோப்பசும் கியூபாவில் செல்வம் குவித்துப் பின்னர் கப்பல் நிறுவனத்திற்கும் வங்கிக்கும் அதிபரானவர். அன்றைய கியூபாவின் செல்வம் கரும்புத் தோட்டங்களில் விளைந்தது. கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் வியர்வையில் விளைந்தன. அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1886இல்தான். குவெலின் மாளிகைக்கு வேலை தொடங்கிய அதே ஆண்டு. லோப்பஸ் மறைந்தபின், அவருடைய மைத்துனரே அவரை அடிமை வணிகர் என்று குற்றஞ்சாட்டி ஒரு நூல் வெளியிட்டார். பார்சலோனாவில் நின்றிருந்த லோப்பசின் சிலையை 2018இல் மாநகராட்சி அகற்றியது.

விண்மீன் பூத்த அந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கும்போது இதை மறந்துவிடலாகாது. அழகான படைப்பு, அதற்குச் செலவிட்ட பணத்தைத் தூய்மையாக்கிவிடும் என்று திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் மனத்தாங்கல் கொண்ட சகோதரரிடம் போகும்படி பணித்தவர் நம் ஆண்டவர். கொடை நீதிக்கு மாற்றாகாது.

குவெல் இதை எந்த அளவிற்கு உணர்ந்திருந்தார் என்று உள்ளத்தை ஆராயும் இறைவனே அறிவார். அவர் செய்தவற்றை மட்டும் நாம் அறிவோம். 1890இல் தம் நெசவாலையை நகரிலிருந்து அகற்றி, சாந்த்தா கொலோமா தெ செர்வெல்லோ என்னும் சிற்றூருக்குக் கொண்டுசென்றார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர்க்கு வீடுகள், பள்ளி, கூட்டுறவுக் கடை, கலையரங்கம் ஆகியன எழுந்தன. தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சுற்றுமடல் வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டு. குடியிருப்பின் வாழ்வு முழுவதும் முதலாளியின் கண்காணிப்பில் இருந்தது என்பதும் உண்மை. அங்கே வாழ்ந்தோர் நகர்ப்புறச் சேரிகளைவிட மேலான வீடுகளில் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. 1905இல் ஆலையில் ஒரு சிறுவன் கொதிக்கும் சாயத் தொட்டியில் விழுந்து வெந்துபோனான். அவன் பிழைக்க வேண்டுமானால் பிறர் தம் உடலிலிருந்து தோலைத் தர வேண்டும். தொழிலாளர் பலர் முன்வந்தனர். அவர்களோடு குவெலின் புதல்வர் இருவரும் தம் தோலை அறுத்துக் கொடுத்தனர். சிறுவன் அந்த வயதில் ஆலையில் வேலை செய்தது ஏன் என்ற கேள்வி நம்முள் எழுகிறது, எழத்தான் வேண்டும். முதலாளியின் பிள்ளைகள் தொழிலாளியின் பிள்ளைக்குத் தோலைத் தந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. மனிதர் இவ்வாறு கலவையாகவே இருக்கின்றனர். கோதுமையும் களையும் ஒரே வயலில் வளர்கின்றன. அறுவடைக்கு முன் பிடுங்க நாம் யார்?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1909 சூலை மாதத்தில், பார்சலோனாவின் ஏழைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். ஆலயங்களும் துறவற இல்லங்களும் பல தீக்கிரையாயின. ஏழைகளின் சினம் ஆலயத்தை நோக்கித் திரும்பியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஆலயம் செல்வரின் உடைமை என்று அவர்கள் எண்ணியது. பங்குப் பணியில் இருக்கும் எவரும் அந்தச் செய்தியை நெஞ்சம் நடுங்காமல் படிக்க இயலாது. நம் சுவர்களில் கொடையாளர் பெயர்கள் பெருகப் பெருக, அப்பெயர்கள் இல்லாத ஏழை, இது தன் வீடு அன்று என்று எண்ணத் தொடங்குகிறான்.

பத்தாண்டுகள் ஒரு கல்லும் எழவில்லை

1898இல் குவெல் தம் தொழிலாளர் குடியிருப்பிற்கு ஓர் ஆலயம் வேண்டும் என்று கௌதியிடம் கேட்டார். முதற்கல் நடப்பட்டது 1908இல். இடையில் பத்தாண்டுகள்.

அப்பத்தாண்டுகளில் கௌதி என்ன செய்தார்? ஆலய மனைக்கருகே ஒரு கொட்டகையில், கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். கயிறுகளிலிருந்து கயிறுகள், அவற்றிலிருந்து ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகள். இரு முனைகளிலும் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி, தன் எடையாலேயே ஒரு வளைவைத் தானாக மேற்கொள்ளும். அந்த வளைவில் இழுவிசை மட்டுமே இருக்கும். அதைத் தலைகீழாக்கினால், அதே வளைவு, அழுத்தவிசை மட்டுமே தாங்கும் கல்வளைவாக நிற்கும். ஆலயம் முழுவதையும் பத்தில் ஒரு பங்கு அளவில், தலைகீழாக, கயிற்றிலும் ஈயத்திலும் தொங்கவிட்டார் கௌதி. அதை நிழற்படம் எடுத்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். தரையிலிருந்து வானை நோக்கி எழும் ஆலயம் தெரிந்தது. ஒரு பையின் எடையை மாற்றினால் எல்லாக் கயிறுகளும் அசைந்து புதிய வடிவம் கொள்ளும். கணிப்பொறி இல்லாத காலத்தில், மண்ணின் ஈர்ப்பு விசையையே கணக்குப் போடச் செய்த அறிவு அது.

அறிவு கௌதியுடையது. பொறுமை குவெலுடையது. பங்கில் கட்டட வேலை செய்து பழகிய எமக்கு இப்பொறுமையின் விலை நன்றாகத் தெரியும். அடிக்கல் நாட்டி ஓராண்டு ஆகியும் சுவர் எழவில்லையென்றால், அருட்பணிப் பேரவைக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து அமர முடியாது. பணம் எங்கே போயிற்று என்ற முணுமுணுப்பு கோயில் வாசலில் தொடங்கிக் கடைத்தெரு வரை போகும். தம் சொந்தப் பணத்தில், தம் சொந்த நிலத்தில், கொட்டகையில் தொங்கும் கயிறுகளைத் தவிர வேறொன்றும் காணாத நிலையில், பத்தாண்டுகள் ஒரு மனிதர் காத்திருந்தார். அதுவும் ஆலை நடத்திய ஒருவர். நாள் முழுவதும் எத்தனை கெஜம் துணி வந்தது என்று எண்ணிப் பார்க்கும் தொழிலைச் செய்தவர்.

1914இல் பணிகள் நின்றுபோயின. நிலவறைக் கோயில் மட்டும் முடிந்திருந்தது. மேலே எழ வேண்டிய ஆலயம் எழவேயில்லை. 1915இல் நிலவறைக் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், லூர்து திருப்பயணத்தை முடித்துக்கொண்டு பார்சலோனா சென்றபோது, தொடர்வண்டியில் அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பைன் மரங்களுக்கிடையே, மண்ணிலிருந்து தானே முளைத்ததுபோல் அக்கோயில் கிடக்கிறது. உள்ளே கருங்கல் தூண்கள் நேராக நிற்கவில்லை. சுமை தாங்கும் தொழிலாளி சாய்ந்து நிற்பதுபோல் சாய்ந்து நிற்கின்றன. பலகணிகளின் இரும்புக் கம்பி வலையைத் தொட்டுப் பார்த்தோம். நெசவாலையில் தேய்ந்து கழிக்கப்பட்ட தறி ஊசிகளால் பின்னப்பட்டது அது. அந்த ஊசிகளை இயக்கிய கைகளின் உடைமையாளர்கள் ஞாயிறுதோறும் அந்தப் பலகணியின் கீழ் அமர்ந்திருப்பார்கள். பளிங்கில் பெயர் எழுதாமலே தொழிலாளர் அனைவரின் பெயரையும் ஆலயச் சுவரில் பொறித்துவிட்டார் கௌதி என்று நமக்குத் தோன்றியது. அன்று அங்கே நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

தோற்றுப்போன திட்டங்கள்

உலகக் கணக்கில் பார்த்தால் குவெலின் கலைச் செலவுகளுள் பல தோல்வியே. அவற்றுள் மிகப் பெரியது பூங்கா. நகரை ஒட்டிய வறண்ட குன்று ஒன்றில், 1900இல், செல்வர்களுக்கான குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். 60 மனைகள் பிரிக்கப்பட்டன. கௌதி குன்றை வெட்டிச் சமப்படுத்தவில்லை. அங்கேயே கிடைத்த கற்களைக் கொண்டு, குன்றின் போக்கிலேயே பாதைகளையும் பாலங்களையும் அமைத்தார். சந்தைக்கென 86 தூண்கள் நிற்கும் மண்டபம் ஒன்று எழுந்தது. அதன் மேல் பரந்த வெளி. வெளியில் பெய்யும் மழைநீர் மணலில் வடிந்து, தூண்களின் உட்குழாய் வழியே இறங்கி, கீழே 12 இலட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் சேரும். வெளியைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்தோடும் இருக்கை. அதன்மேல் உடைந்த ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்தனர். ஆலைகள் பழுதென்று கழித்துப் போட்டவையே அங்கே வண்ணக் கோலமாயின.

வாங்குவார் வரவில்லை. 60 மனைகளில் விற்றவை இரண்டே. 1914இல் வேலை நின்றது. ஆயினும் அந்தத் தோல்விக் குன்றின்மேல் இரு நண்பர்கள் அயலாராய்க் குடியிருந்தனர். அங்கிருந்த பழைய பண்ணை வீட்டில் குவெல் வாழ்ந்தார். வாங்குவோர்க்கு மாதிரியாகக் கட்டிய வீட்டில், 1906 முதல், முதிய தந்தையோடும் தாயற்ற மருமகளோடும் கௌதி குடியேறினார். அதே ஆண்டு தந்தை மறைந்தார்; 1912இல் மருமகளும் மறைந்தார். மணமாகாத அவர் அவ்வீட்டில் தனித்து வாழ்ந்தார். எளிதில் பழகக்கூடியவர் அல்லர். சினம் மிக்கவர் என்றும் அறியப்பட்டவர். 1894 தவக்காலத்தில் உண்ணாநோன்பிருந்து உயிர் போகும் நிலைக்கு வந்து, அருள்பணியாளர் ஒருவரின் அறிவுரையால் மீண்டவர். இப்படிப்பட்ட ஒருவரோடு நாற்பதாண்டுகள் நட்பைக் காத்துக்கொள்வது, மாளிகை கட்டுவதைவிடக் கடினமான கலை.

1918 சூலையில் குவெல் அந்தக் குன்றிலேயே கண்மூடினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1926 சூன் 7 அன்று, நடந்து சென்றுகொண்டிருந்த கௌதியை டிராம் வண்டி மோதித் தள்ளியது. கந்தல் உடையைக் கண்டு பிச்சைக்காரர் என்று எண்ணி, ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தனர். சூன் 10 அன்று உயிர் நீத்தார். நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவரை நாற்பதாண்டுகள் நண்பராகக் கொண்டிருந்தவரின் பையில் ஒன்றுமில்லை. அந்நட்பை அவர் தமக்கெனச் செலவிட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று அத்தோல்விகளின் நிலை என்ன? விற்காத மனைகளைக் கொண்ட குன்றை 1922இல் மாநகராட்சி வாங்கியது. 1926இல் அது பொதுமக்கள் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 60 செல்வர்களின் வேலிகளுக்குள் அடைந்து கிடந்திருக்க வேண்டிய குன்று, அனைவர்க்கும் உரியதாயிற்று. பூங்காவும் மாளிகையும் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. நிலவறைக் கோயில் 2005இல் அவ்வரிசையில் சேர்ந்தது. கயிற்றில் தொங்கிய பத்தாண்டுகளின் பாடமே, திருக்குடும்பப் பேராலயத்தில் மரங்கள்போல் கிளைத்துச் சாய்ந்து நிற்கும் தூண்களானது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தாலன்றிப் பலன் இல்லை என்ற ஆண்டவரின் போதனையைக் கட்டடக் கலையிலும் காண்கிறோம்.

நம்மிடையே

இவற்றையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது நம் பங்கில் நடந்துவரும் ஒரு சிறு செய்தி. திருவிழாச் சப்பரம் பழுதாகிவிட்டது. பங்கைச் சேர்ந்த வணிகர் ஒருவர், நல்ல மனிதர், முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார். படப் புத்தகத்தில் தெரிந்தெடுத்தால் நாற்பது நாளில் பைபரில் வார்த்து அனுப்பிவிடுவார்கள் என்றார். நம் பங்கிலேயே ஒரு மரச்சிற்பி இருக்கிறார், அறுபதைக் கடந்தவர். அவரிடம் கேட்டால் தேக்கில் செய்ய ஒன்றரை ஆண்டு ஆகும் என்கிறார். அவருடைய மகன் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை பார்க்கிறான். இவருக்குப் பின் அந்த உளியை எடுக்க ஆளில்லை.

எது வேண்டும் என்று பங்குப் பேரவையில் வாதம் நிகழ்ந்தது. நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. “ஒரு நாள் மாலை அவருடைய பட்டறைக்குப் போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்; பிறகு பேசுவோம்” என்று வணிகரிடம் வேண்டிக்கொண்டோம். அவர் போனார். மறு வாரமும் போனார். சிற்பி தம் தந்தை வைத்திருந்த சம்மனசு உருவம் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் காட்டினாராம். அதன் இறக்கையில் ஒவ்வொரு தூவியும் வேறு வேறாக இருந்ததாம். இப்போது கடையை அடைத்ததும் வணிகர் அங்கேதான் இருக்கிறார் என்று அவருடைய வீட்டார் சொல்கின்றனர். மரத்திற்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கல்லில் பெயர் வெட்டுவது பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. சிற்பியோ தெருவில் இரு சிறுவர்களைக் கூப்பிட்டுக் கொட்டாப்புளி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். அவர்களுக்கு வாரக்கூலி யார் தருகிறார் என்று நாம் கேட்கவில்லை, ஊகித்துக்கொண்டோம்.

இவ்வாண்டுத் திருவிழாவிற்குப் பழைய சப்பரத்தையே கயிறு கட்டித் தூக்க வேண்டியிருக்கும். முணுமுணுப்போரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அன்புக்குரிய வாசகர்களே, கொடுக்கும் உள்ளம் படைத்தோர் நம் பங்குகளில் குறைவின்றி இருக்கின்றனர். வேலை முடிந்தபின் கொடிமரத்தடியில் நின்று பொன்னாடை போர்த்துவதும் நடக்கிறது. நாம் கேட்பது அதனினும் சிறிது, அதனினும் கடினம். உங்கள் ஊரில் ஒரு சிற்பியோ, ஓவியரோ, பாட்டுக்கு இசை அமைப்பவரோ, நாடகம் எழுதுபவரோ இருப்பார். அவர் கையில் உள்ளதைக் காணும் கண்ணை இறைவன் உங்களுக்குத் தந்திருக்கலாம். அவரைத் தேடிப் போங்கள். அவர் வேலை செய்யுமிடத்தில் அமருங்கள். உங்கள் பணம் நேர்வழியில் வந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் வேலை செய்வோர்க்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு, அதன்பின் கலைக்குக் கொடுங்கள். கொடுத்தபின் காத்திருங்கள். ஆண்டவர் தம் சீடரைப் பணியாளர் என்று அழையாமல் நண்பர் என்று அழைத்தார். நாம் கூலி கொடுக்கும் மனிதரையும் அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் வருமானால், முடியாமல் நிற்கும் ஒரு வேலையைப் பார்த்தும் நாம் கலங்க மாட்டோம்.